பூசி மெழுகுதல்

வண்டிக்கு மெழுகு போட்டால் பளபளக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் போடக் கூடாது என்பது போட்ட பிறகுதான் தெரியவருகிறது. வண்ணம் பூசிய தகட்டில் வழுக்கிக்கொண்டு போகும் கை, அதை ஒட்டியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கின் மேலும் தன்னையறியாமல் ஒரு இழுப்பு இழுத்துவிடும். காய்ந்ததும் தகட்டில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் இருப்பது வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். 2023 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில், அப்பாவின் மாருதி 800இல் நான் அப்படி ஒரு கறையை உண்டாக்கினேன். அதைப் போக்க மூன்று நாட்கள் ஆயின.

அப்பா அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து 2002இல் ஓய்வு பெற்றவர். அடுத்த மார்ச்சில், கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அந்த வண்டியை வாங்கினார். வெள்ளை நிறம். முன்னும் பின்னும் வண்ணம் பூசாத கறுப்பு பம்பர். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த வகை வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த பம்பர் நினைவிருக்கும். தொட்டால் நெல்மணிகளைப் பரப்பி அழுத்தியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாளித் தண்ணீர், கிழிந்த வேட்டித் துண்டு. வண்டிக்கு அவர் செய்தது அவ்வளவுதான். "ஆயிலும் காத்தும் சரியா இருந்தாப் போதும், வண்டிக்கு அலங்காரம் எதுக்கு?" என்பார். இருபது ஆண்டுகளில் அந்த வண்டியின் மேல் மெழுகு என்ற ஒன்று பட்டதில்லை.

அவருக்குக் கண்ணழுத்த நோய். கிளாக்கோமா என்று மருத்துவர்கள் சொல்வது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே சொட்டு மருந்து. இந்த நோயின் வஞ்சகம், பெரும்பாலும் அது பக்கப் பார்வையிலிருந்து தொடங்குகிறது என்பதுதான். நேர் எதிரே இருப்பது நெடுநாள் தெரிந்துகொண்டே இருப்பதால், இழந்ததை இழந்தவரே அறிவதில்லை. அப்பாவும் செய்தித்தாள் தலைப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே ஓட்டவும் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். 2022 டிசம்பரில் இடது பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பையனை அவர் பார்க்கவில்லை. பையன் சுதாரித்துக் குதித்துவிட்டான். சைக்கிளின் கைப்பிடி மட்டும் வண்டியின் இடது கதவை நீளமாகக் கீறிக்கொண்டு போனது. அப்பாவுக்கு அப்போது 79 வயது.

நானும் கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவும் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தோம். வண்டியின் பதிவு மார்ச்சோடு முடிகிறது. பதினைந்து ஆண்டு தாண்டிய கார்களின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியிருந்தது. கட்டணம் ஒரு காரணமே அல்ல. ஆனால் எங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். யார் சொல்வது என்பதை மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பெங்களூரிலிருந்து இரண்டு வார விடுப்பில் வந்த நான், வரும்போதே ஒரு டப்பா மெழுகு வாங்கி வந்திருந்தேன். மெழுகு நுண்ணிய கீறல்களுக்குள் இறங்கி அவற்றை நிரப்பிவிடும். கீறல் போய்விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகும். இடது கதவுக் கீறலில் ஆழமான இடத்துக்கு வெள்ளை வண்ணம் தொட்டுவைத்து, மிச்சத்தை மெழுகால் மூடினேன். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் சந்தேகம் வருமே என்று வண்டி முழுவதும் போட்டேன். "சர்வீஸுக்கு விடணும்ப்பா, அதுக்கு முன்னால கொஞ்சம் சுத்தம் பண்ணுதேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மதிய உறக்கத்தில் இருக்கும்போது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் உச்சி வெயிலில் செய்தேன். மெழுகை நிழலில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் பாகங்களின் ஓரத்தில் காகித டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இரவில்தான் படித்தேன்.

மாலையில் வெள்ளைத் தகடு கண்ணாடிபோல இருந்தது. கறுப்பு பம்பரிலும், கதவுகளின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டையிலும் மட்டும் கோடு கோடாக, விபூதி பூசியதுபோல வெள்ளை.

அப்பா காப்பித் தம்ளருடன் போர்ட்டிகோவுக்கு வந்தார். வண்டியின் பளபளப்பைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று நான் காத்திருந்தேன். அவர் குனிந்து பம்பரைப் பார்த்தார்.

"என்னடே, வெள்ளையா என்னமோ தெரியுது?"

"தூசிப்பா. கழுவிருதேன்."

"தூசி இப்படிக் கோடு கோடாவா விழும்?"

நான் பதில் சொல்லவில்லை. வெள்ளை வண்டியின் மேல் ஏறியிருந்த பளபளப்பு அவர் கண்ணுக்கு எட்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்வை மங்கியவர்களுக்கு மென்மையான ஒளி வேறுபாடுகள்தான் முதலில் தொலைகின்றன. கறுப்பின் மேல் வெள்ளை, வெள்ளையின் மேல் கறுப்பு, அதுதான் கடைசிவரை தெரியும். அந்தக் காரணத்துக்காகத்தான் மருத்துவரின் யோசனைப்படி வீட்டின் கடப்பைக்கல் படிகளின் விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தோம். மூன்று மணி நேரம் வியர்வை வழிய நான் செய்த வேலையில் அவருக்குத் தெரிந்தது என் பிழை மட்டும்தான்.

*

அன்றிரவு அவர் படுத்த பிறகு, சோப்புத் தண்ணீரும் பழைய துணியுமாக பம்பரைத் தேய்த்தேன். வெள்ளை முழுதாக மறைந்துவிட்டது. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கோடும் குறையாமல் அப்படியே இருந்தது.

இதைச் செய்து பார்த்த எல்லோரும் இந்த ஏமாற்றத்தை அனுபவித்திருப்பார்கள். மெழுகு தன்னளவில் சுண்ணாம்புபோல வெள்ளையானதல்ல. சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் அது உலர்ந்து, பொடிந்த படலமாக நிற்கும்போது தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அந்தச் சிதறலே நாம் காணும் வெள்ளை. பல மெழுகுகளில் தேய்ப்பதற்கென்று கலந்திருக்கும் நுண்பொடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் பட்டால் இடைவெளிகள் நிரம்பிச் சிதறல் குறைகிறது. கறை கண்ணிலிருந்து மறைகிறது. தண்ணீர் காய்ந்தால் திரும்பி வருகிறது. மெழுகைத் தண்ணீர் தொட்டிருக்கவே இல்லை.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. இன்னொரு குறுக்கு வழிதான் தெரிந்தது. கடையில் டாஷ்போர்டுக்குப் பூசும் பாலிஷ் ஒரு புட்டி வாங்கிவந்து பம்பரில் தடவினேன். அதிலிருப்பது சிலிக்கோன் எண்ணெய். தண்ணீர் செய்ததையே அதுவும் செய்கிறது. ஆனால் தண்ணீர்போல ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுவதில்லை. பம்பர் புதிதுபோலக் கன்னங்கரேல் என்று ஆனது. வாங்க வருபவர் பார்த்துவிட்டுப் போகும்வரை தாங்கினால் போதும் என்று எண்ணிக்கொண்டேன்.

தாங்கவில்லை. மறுநாள் பகலுக்குள் தெருப்புழுதி அதில் ஒட்டிக்கொண்டது. துடைத்தபோது எண்ணெயும் சேர்ந்து வந்து, கோடுகள் மறுபடியும் எட்டிப் பார்த்தன. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு பம்பர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆட்காட்டி விரலால் அந்தச் சொரசொரப்பை முன்னும் பின்னும் தடவினார். விரலை முகர்ந்தார். கட்டைவிரலோடு சேர்த்து உருட்டிப் பார்த்தார். ஆய்வகத்தில் மாணவன் கொண்டுவந்த உப்பைச் சோதிப்பவரின் முகம்.

"மேல எண்ணெய். அடியில மெழுகு" என்றார். பிறகு, "போர்டை ஈரத் துணியால துடைச்சிருக்க. காஞ்சதும் வெள்ளை வராம என்ன செய்யும்?" என்றார்.

ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். துடைத்த கணத்தில் அதைப்போலக் கறுப்பான பொருள் உலகத்தில் இல்லை. காயக் காய, சாக்பீஸ் தீற்றல்கள் மேகம்போல மேலெழுந்து வரும். முப்பது வருடங்களுக்கு மேல் கறுப்பில் வெள்ளையால் எழுதி வாழ்ந்தவருக்கு அதைச் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். விரல் மட்டும் பம்பரின் மேல் போய்க்கொண்டிருந்தது.

"இருபது வருஷமா இதுக்கு யாரும் மெழுகு போட்டதில்ல. விக்கிற வண்டிக்குத்தான் மெழுகு போடுவாங்க. விக்கப் போறியளா?"

பன்மையில் கேட்டார். நான் தனியாக முடிவெடுக்கக் கூடியவன் அல்ல என்பதை அவர் அறிவார். அடுக்களை ஜன்னலில் அம்மாவின் வளையல் ஓசை நின்றது. ஆமாம் என்றேன். எதிர்பார்த்ததைவிட எளிதாக அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் அது வருவதற்கு அவர் கேட்கவேண்டியிருந்தது.

"அந்தப் பையன் வந்தது எனக்குத் தெரியவே இல்ல" என்றார் அப்பா. "சத்தம்தான் கேட்டுது. அன்னைக்கே சாவியக் குடுத்திருக்கணும். நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன்."

நாங்கள் அவரிடம் சொல்லத் தயங்கிய இரண்டு மாதமும் அவர் எங்களிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள், ஒரே விஷயத்தின் மேல், ஆளுக்கொரு பக்கமிருந்து பூசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மெழுகு என்ற சொல்லைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி காலத்தில் தரையைச் சாணத்தால் மெழுகினார்கள். அந்த மெழுகுதல் பிளவுகளை அடைத்து, தரையை வாழத் தகுந்ததாக்கியது. அதே சொல்லோடு பூசுவதைச் சேர்த்துப் பூசி மெழுகுவது என்று சொன்னால் பொருள் வேறாகிவிடுகிறது: உள்ளே இருப்பதை மூடி, ஒப்பேற்றிவிடுவது. இரண்டு வேலைகளிலும் கையின் அசைவு ஒன்றுதான். எதற்காகச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

*

மூன்றாம் நாள் காலையில் அப்பா எனக்கு முன்பே எழுந்து போர்ட்டிகோவில் இருந்தார். "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். பதினொண்ணாங் கிளாஸ்ல படிச்சிருப்ப. மார்க்கு மட்டும் வாங்கியிருக்க" என்றார். மெழுகு எண்ணெய்க்கு உறவு, தண்ணீருக்கு அந்நியம். எண்ணெய்ப் பசையுள்ள ஒன்றால்தான் அதை இளக்க முடியும். மண்ணெண்ணெய் கரைக்கும், நாற்றம் போக நாளாகும். தின்னர் கரைக்கும், பக்கத்திலிருக்கும் வண்ணத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வேர்க்கடலை விழுதால் இந்தக் கறையைப் போக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரியாத்தான் இருக்கு. எண்ணெய் இளக்கும். திப்பி பள்ளத்துக்குள்ள போயித் தேய்க்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "கடலை இருக்கா?" என்றார்.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இரண்டு கை கடலையை வறுத்துத் தோல் நீக்கி, தண்ணீர் விடாமல், உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல், எண்ணெய் பிரியும்வரை மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தாள். முதலில் பம்பரிலிருந்த சிலிக்கோன் பூச்சைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நீக்கிக் காயவைத்தோம். வண்டியை அரைமணி நேரம் இளவெயிலில் நிறுத்தினோம். கறுப்பு பிளாஸ்டிக் சீக்கிரம் சூடேறும், சூட்டில் மெழுகு சற்று நெகிழும். பிறகு நிழலுக்குத் தள்ளி, விழுதைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சிறு சிறு வட்டங்களாகத் தேய்த்தோம். துணியால் வழித்தெடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் எண்ணெய் போகக் கழுவினோம். முழுவதும் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். ஈரத்தில் பார்த்து மகிழக் கூடாது. மூன்று முறை செய்யவேண்டியிருந்தது. கதவுப் பட்டையின் வழவழப்பான விளிம்புகளுக்கு பென்சில் அழிக்கும் ரப்பரே போதுமானதாக இருந்தது. பேரன் விட்டுப்போன ரப்பர் ஒன்றை அப்பாவே எங்கிருந்தோ கொண்டுவந்தார். எறும்பு வராமலிருக்கத் தரையையும் கழுவிவிட வேண்டும்.

தேய்த்தது நான். போய்விட்டதா என்று சொன்னவர் அப்பா. ஒவ்வொரு முறை காய்ந்த பிறகும் பம்பரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டிக்கொண்டே வந்து, என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடங்களில் நிறுத்தி, "இங்க இருக்கு" என்பார். மெழுகு இருக்கும் இடத்தில் சொரசொரப்பு மழுங்கியிருக்குமாம். நான் தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

இடைவேளையில் டப்பாவில் இருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதிலிருந்த முக்கியமான பொருள் கார்னாபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி போன்ற வறண்ட மாநிலங்களில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. கோடையில் ஈரம் ஆவியாகிவிடாமலிருக்க அந்த மரம் தன் ஓலையின் மேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலைகளை வெட்டிக் காயவைத்து, உதிரும் பொடியைச் சேகரித்து உருக்குவார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இது உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் வெயிலில் நிற்கும் வண்டிக்கு இதைத் தேர்ந்தார்கள்.

"பனையா?" என்றார் அப்பா. தேரிக்காட்டு ஓரத்து ஊரில் பனைகளுக்கு நடுவே பிறந்தவர். "ஓலை எப்படி இருக்கும்?"

"விசிறி மாதிரி விரியும்னு போட்டிருக்கு. நம்ம பனை மாதிரியே."

"அப்ப நம்ம சொந்தக்காரன்தான்" என்றார். மூன்று நாட்களில் அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். "அது உயிர் பிழைக்கப் பூசிக்கிடுது. நீ எதுக்குடே பூசின?"

கேள்வியாகக் கேட்கவில்லை. ஆகவே நானும் பதில் சொல்லவில்லை.

*

வாங்குபவர் மறுநாள் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, திருப்தியாகத் தலையாட்டி, எஞ்சினைக் கேட்டார். விலை படிந்தது. அக்காவுக்குச் செய்தி அனுப்ப நான் கைப்பேசியை எடுத்தபோது அப்பா சொன்னார்:

"இடது பக்கக் கதவுல ஒரு கீறல் இருக்கு. மெழுகு போட்டு மறைச்சிருக்கு. வெயில்ல சாஞ்சு நின்னு பாருங்க, தெரியும். என் மேல தப்பு. எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது."

அவர் சாய்ந்து நின்று பார்த்தார். விலையில் 3,000 ரூபாய் குறைந்தது. அக்கா தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். "ஓட்டப் படிக்கிற பிள்ளைகளுக்குப் போற வண்டி. அதுங்க கீறாததையா நான் கீறிட்டேன்?" என்று அப்பா எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

பின்பக்க பம்பரில், நம்பர் பிளேட்டை முடுக்கியிருக்கும் திருகாணிக்குப் பக்கத்தில், பிரஷ் நுழையாத ஒரு மூலையில் கொஞ்சம் வெள்ளை தங்கிவிட்டது. வண்டியை எடுத்துப்போக ஆள் வருவதற்குள் குச்சியில் துணி சுற்றி அதையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். "கிடக்கட்டும். கண்ணு நல்லாத் தெரியிறவன் யாரும் அதைப் பாக்க மாட்டான்" என்றார்.

பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த இளைஞன் வண்டியைப் பின்னோக்கி எடுத்துத் தெருவில் திருப்பினான். நானும் அம்மாவும் கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. வண்டி தெருமுனையை அடைவதற்குள் அவர் பார்வையின் எல்லையை விட்டுப் போயிருக்கும். தலையைச் சற்று சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது கியரை ரொம்ப லேட்டாப் போடுதான்" என்றார்.